நாணயத்தின் ஐந்து தளங்களும் ஒரு பொய் அம்புக்குறியும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரிடமும் கொஞ்ச நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எப்படி வரைவது என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் அரை மணியில் போடும் படத்துக்கு நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டவள். முப்பத்தொரு வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். இதே புனேயில், சிஞ்ச்வட்டில் பம்பு, கியர்பாக்ஸ் கையேடுகளுக்குப் பாகம் பாகமாகப் பிரித்து வரைந்தது பாதி. விமான் நகரில் இந்த அலுவலகத்தில் உட்கார்ந்து கண்ணுக்குத் தெரியாத விஷயங்களை வரைந்தது மீதி. பம்பைத் தப்பாக வரைந்தால் மறுநாளே ஃபிட்டர் வந்து சத்தம் போடுவார். கண்ணுக்குத் தெரியாததைத் தப்பாக வரைந்தால் யாரும் வரமாட்டார்கள். பாராட்டுதான் வரும். அப்படிப் பாராட்டு வாங்கிய என் தப்பு ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னால், ஐ.டி. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனம் நம்மிடம் வந்தது. ஒரு கிரிப்டோ நாணயத்துக்குப் பின்னால் என்னென்ன தொழில்நுட்ப அடுக்குகள் இருக்கின்றன என்பதை ஒரே பக்கத்தில், பார்த்தவுடன் புரிகிற மாதிரி வரைந்து தர வேண்டும் என்றார்கள். எனக்கு அப்போது கிரிப்டோ என்பது செய்தியில் அடிபடும் ஒரு சொல், அவ்வளவுதான். நம்மிடம் நிகில் என்று ஒரு புரோகிராமர் இருந்தான். புனேயின் பழைய பேட்டைக்காரன். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை உலகமே ஓய்வெடுக்க வேண்டும் என்று நம்புகிறவன். அவனை அந்த நேரத்துக்கு வெளியே பிடித்து உட்காரவைத்து, நான்கு நாள் கேள்வி கேட்டேன்.

அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடியில், உலகம் முழுக்க யார் யாரோ வைத்திருக்கும் கணினிகள். அதற்கு மேல், அந்தக் கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்ளும் வலை. அதற்கு மேல், அடுத்த பக்கத்தை யார் எழுதலாம், எப்போது எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளலாம் என்ற விதி. அதற்கு மேல், அப்படி எழுதிய பக்கங்களைச் சங்கிலி மாதிரி கோத்த பேரேடு. அதன் நகல் எல்லாக் கணினியிலும் இருக்கும். உச்சியில், நம் கைப்பேசியில் தெரியும் செயலி. மொத்தம் ஐந்து.

நான் அதை ஐந்து தளக் கட்டடமாக வரைந்தேன், குறுக்காக வெட்டிக் காட்டிய மாதிரி. அடித்தளத்துக்குக் கருங்கல் அஸ்திவாரம் போட்டேன். அப்படிப் போட நிகில் சொல்லவில்லை. கட்டடம் அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருந்ததால் நானே போட்டேன். மேல்தளத்தில் இரண்டு பேர் கைப்பேசியோடு நின்றார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒரு தங்க நாணயம் வளைந்து பறந்து போகிற மாதிரி ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறிதான் படத்திலேயே அழகானது. அதற்கு மட்டும் ஒரு நாள் செலவழித்தேன்.

வாடிக்கையாளருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. படம் பயிற்சி அறைகளில் தொங்கியது, இணையத்தில் சுற்றியது. நானும் ஒரு பிரதி எடுத்துச் சட்டம் போட்டு, சாங்வியில் என் வீட்டு வரவேற்பறையில் மாட்டினேன். கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கினேன்.

எங்கள் சொசைட்டியில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், எதிர் ஃப்ளாட்டில் ரெஜினாவும் சாமுவேலும் இருக்கிறார்கள். சாமுவேலுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சிஞ்ச்வட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறார். பேரிங்கை விரலால் தடவியே அளவு சரியில்லை என்று ஒதுக்கிவிடுவார். பிறகு கருவியில் வைத்துப் பார்த்தால் அதுவும் அவர் பக்கமே பேசும். அவர் மனைவி ரெஜினா காது கேட்பவள், கைமொழி அருமையாகத் தெரிந்தவள். குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு தலைமுறையாகப் புனே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் ரெஜினா கதவைத் தட்டினாள். கையில் அவள் கைப்பேசி.

"அக்கா, இது ஒங்க படந்தானே?"

ஒரு காணொளி. கோட்டு போட்ட ஓர் இளைஞன் கைமொழியில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் திரையில் என் கட்டடம். ஐந்து தளம், கருங்கல் அஸ்திவாரம், பறக்கும் தங்க நாணயம், எல்லாம் அப்படியே. உச்சியில் நான் கேள்விப்படாத ஒரு நாணயத்தின் பெயர். மூலையில் இருந்த நம் அலுவலக முத்திரையை மட்டும் அழித்திருந்தார்கள்.

அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை இன்றுவரை ரெஜினா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "நம்ம முத்திரைய எடுத்துட்டாங்களே! கேக்காம எப்படி எடுக்கலாம்? நாளைக்கே ஆபீஸ்ல சொல்லி நோட்டீஸ் அனுப்பணும்."

"அக்கா, படம் திருடு போனத அப்புறம் பாப்போம். இவரு பேங்க்ல போட்டுருந்தத எடுத்து அவங்களுக்குக் கட்டிட்டாரு. முந்தாநாளு. எனக்கு இன்னைக்குத்தான் சொல்லுதாரு."

"எதுக்கு ரெஜினா கட்டினாரு?"

"ஒங்க படத்த வச்சுத்தான். 'எங்க எதிர்வீட்டு அக்கா வரைஞ்சது, அவங்க வீட்டுச் சுவத்துல நானே பாத்துருக்கேன், பக்கா'ன்னு ஃபேக்டரில கூட வேலை பாக்குறவங்க எல்லார்ட்டயும் சொல்லிருக்காரு. எல்லாரும் காது கேக்காதவங்க. இவரோட சேத்து பதினோரு பேரு. நாலு பேரு கட்டியாச்சு, பாக்கிப் பேரு இன்னைக்கு நாலு மணிக்குச் சிஞ்ச்வட்ல நடக்குற கூட்டத்துல வச்சுக் கட்டப்போறாவ."

நான் செருப்போடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். அது யாரோ திருடிய படம் மட்டுமல்ல என்று அப்போதுதான் உறைத்தது. சாமுவேல் அதற்கு ஜாமீன் நின்றிருக்கிறார், என் பெயரில்.

நிகிலைக் கூப்பிட்டேன். மணி ஒன்றரை. அவனுடைய தூக்க நேரம். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். நாணயத்தின் பெயரை வாங்கிக்கொண்டு, இருபது நிமிடத்தில் திரும்ப அழைத்தான். அவன் பேசியது இந்தியும் மராட்டியும் கலந்து. தமிழில் சொன்னால் இப்படி:

"மேடம், எங்க தேடியும் இதுக்குப் பேரேடு இல்ல. புரோகிராம் கோட் இல்ல. இத ஓட்டுற கம்ப்யூட்டர் ஒண்ணுகூட வெளிய தெரியல. ஒரு ஆப் இருக்கு, அதுல ஒரு நம்பர் ஏறிட்டே இருக்கும். உங்க கட்டடத்துல மேல்தளம் மட்டும்தான் இருக்கு."

"அப்ப அஞ்சு தளமும் இருந்தா நல்ல நாணயம்னு சொல்லலாமா?"

"ஐயோ, அப்படிச் சொல்லிடாதீங்க. அஞ்சும் இருந்தும் பணம் போகும். ஆனா இல்லைன்னா, பேச்சே வேண்டாம்."

பத்து பக்கத்துக்கு விளக்கம் எழுதி அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். எனக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

முதலில் சாமுவேலிடம் பேசினேன். அங்கேயே தோற்றேன். ரெஜினா என் பேச்சைக் கைமொழியாக்கினாள்: இது மோசடி, யாரையும் கட்ட விடாதீர்கள், உடனே எல்லோருக்கும் செய்தி அனுப்புங்கள். சாமுவேல் முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கைகள் வேகமாக அசைந்தன. ரெஜினா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சின்ன வயசுலேர்ந்து காது கேக்குறவங்க எங்ககிட்ட சொல்றது இது ஒண்ணுதான், 'இது ஒனக்கு வேண்டாம்'னு. பேங்க்ல போனா எழுதிக் காட்டணும், ஒருத்தனும் நின்னு சொல்லமாட்டான். மொத மொதலா ஒருத்தன் எங்க பாஷைல வந்து ஒக்காந்து எல்லாத்தையும் சொன்னான். இப்ப நீங்க வந்து மறுபடி 'வேண்டாம்'னு சொல்லுறீங்க."

அவர் சொன்னது நியாயம். கூடவே பயமும் வந்தது: இந்த மனிதரையே என்னால் நிறுத்த முடியவில்லை என்றால், அங்கே மற்ற பத்துப் பேரை எப்படி நிறுத்தப்போகிறேன்?

அந்த இடத்தில் நான் எடுத்த முடிவு ஒன்றே ஒன்று. "வேண்டாம்" என்ற சொல்லை இன்று முழுக்கச் சொல்லக் கூடாது. "சரி. நான் எதையும் தடுக்கல. அந்தப் படத்த வரைஞ்சது நான். என் படத்த நானே அவங்களுக்கு விளக்கணும். அதுக்கு மட்டும் கூட்டிட்டுப் போங்க" என்றேன். சாமுவேல் யோசித்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். நானும் ரெஜினாவும் ஆட்டோ ரிக்‌ஷாவில் பின்னால் போனோம். வழியில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் பன்னிரண்டு குயர் நோட்டு வாங்கினேன். எதற்கென்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரியாது. நிகில் நான்கு நாளும் "எல்லாரிடமும் நகல், எல்லாரிடமும் நகல்" என்று சொன்னது மட்டும் காதில் ஓடியது.

சிஞ்ச்வட்டில் ஒரு சொசைட்டியின் கீழ்த்தள அரங்கு. மூன்றே கால் மணி. அந்தக் கோட்டுக்காரன் இன்னும் வரவில்லை. பதினோரு பேரும் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மராட்டிக்காரர்கள், பீகாரிலிருந்து வந்தவர்கள், கன்னடத்துக்காரர் ஒருவர், நம் சாமுவேல். நான் புனேயில் பிறந்து வளர்ந்தவள், நாள் முழுக்க மூன்று மொழிக்கு நடுவில் தடுக்கி விழுகிறவள். அந்த அறையில் எல்லோருக்கும் ஒரே மொழி. அது தெரியாத ஒரே ஆள் நான்தான்.

வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த என் படத்தின் அச்சுப் பிரதியைச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு தளமாகக் காட்டி, "இது அவர்களிடம் இல்லை, இதுவும் இல்லை" என்று பென்சிலால் குறுக்குக் கோடு போட்டேன். எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. நான் சொல்வதை அவர்கள் நம்ப என்ன காரணம் இருக்கிறது? என் கோடு ஒரு கோடு; அவனுடைய காணொளி ஒரு காணொளி.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். முப்பது வயதிருக்கும். பெயர் வைஷாலி, சாமுவேலின் பிரிவிலேயே வேலை, இன்னும் பணம் கட்டாதவர். அவர் குறுக்குக் கோடுகளைப் பார்க்கவே இல்லை. நேராக என் தங்க அம்புக்குறியின் மேல் விரலை வைத்தார். அதன் வளைவிலேயே விரலை ஓட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். ரெஜினா சொன்னாள்:

"நாணயம் இங்கேருந்து அங்க போகுது. சரி. எந்த வழியா போகுது? கீழ நாலு தளம் இருக்கே, அதுக்குள்ள எறங்கவே இல்லையே. அப்புறம் அந்த நாலும் எதுக்கு?"

என் படத்தை எத்தனையோ பொறியாளர்கள் பார்த்திருந்தார்கள். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நான் அவர்களோடு பேசிக்கொண்டே காட்டினேன். பேச்சு ஓட்டையை மூடிவிட்டது. வைஷாலிக்கு என் பேச்சு இல்லை, படம் மட்டும்தான். படமோ பொய் சொன்னது. நாணயம் எங்கும் போவதில்லை. கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு எதுவும் பறப்பதில்லை. எல்லோருடைய பேரேட்டிலும் ஒரு வரி சேர்கிறது, அவ்வளவுதான். அழகாக இருக்கிறது என்பதற்காக நான் போட்ட அம்புக்குறி, கீழே இருக்கும் நான்கு தளமும் தேவையே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. மோசடிக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

"நீங்க சொல்றது சரி. அது என் தப்பு" என்றேன். ரப்பரை எடுத்து அழிக்கப் பார்த்தேன். அச்சிட்ட படம், அழியவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன், தாள் கிழிந்தது. அறை முழுக்கச் சிரித்தது. காது கேட்காதவர்களின் சிரிப்பு சத்தமில்லாமல் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், ஜன்னல் அதிர்ந்தது.

சிரிப்பு வந்ததும் எனக்குத் தைரியம் வந்தது. நோட்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் எல்லோரும் ஒரே வரியை எழுத வேண்டும்: வைஷாலியிடம் பத்து வடாபாவ். அடுத்த வரி: அதில் மூன்றைச் சாமுவேலுக்குக் கொடுத்தார். எல்லோரும் எழுதினார்கள். வடாபாவ் எங்கும் நகரவில்லை, நோட்டுகள்தான் மாறின. பக்கம் முடிந்ததும் எல்லோரும் நோட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். பெரும்பாலானவற்றில் ஒரே மாதிரி இருந்தால்தான் அந்தப் பக்கம் செல்லும். இதுதான் விதி.

பிறகு சாமுவேலிடம், அவருடைய நோட்டில் மட்டும் மூன்றை முப்பதாக்கச் சொன்னேன். அவர் கள்ளச் சிரிப்போடு ஒரு பூஜ்யம் சேர்த்துத் தூக்கிக் காட்டினார். மற்ற நோட்டுகளெல்லாம் ஒரே நேரத்தில் அவர் முகத்துக்கு நேராக எழுந்தன. பீகார்க்காரர் ஒருவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். சாமுவேல் காதைப் பிடித்து ஒரு தோப்புக்கரணம் போட்டார்.

அவ்வளவுதான் செய்தேன். பிறகு எல்லா நோட்டையும் திரும்ப வாங்கி ஒரு பையில் போட்டு, அதை என் நாற்காலிக்கு அடியில் வைத்தேன். ஒரு துண்டுத் தாளில் "உன்னிடம் நூறு வடாபாவ்" என்று எழுதிச் சாமுவேலிடம் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். சிரிப்பு மெல்லப் போயிற்று. அந்த எண்ணைச் சரிபார்க்க இப்போது அவரிடமோ மற்றவர்களிடமோ ஒரு நோட்டும் இல்லை. போய் வைஷாலியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சரியாக நாலு மணிக்குக் கோட்டுக்காரன் வந்தான். பெயர் ராகேஷ். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது. அவனுக்கும் காது கேட்காது. என் படத்தைத் திரையில் போட்டு, உற்சாகமாக ஆரம்பித்தான். வைஷாலி கையைத் தூக்கினார்.

"எங்க நோட்டு எங்க இருக்கு?"

அவன் கைப்பேசியில் செயலியைத் திறந்து காட்டினான். எண் பச்சை நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"இது அஞ்சாவது தளம். நாலாவதைக் காட்டு. எத்தனை பேர்கிட்ட நகல் இருக்கு? ஒருத்தர்கிட்டயா, நிறைய பேர்கிட்டயா?"

ராகேஷுக்குத் தெரியவில்லை. மேலதிகாரியைக் காணொளியில் அழைத்தான். திரையில் வந்த ஆள், அது தொழில்நுட்ப விஷயம், சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது, இவர்களுக்குப் புரியாது என்று கைகளால் சொன்னான். "புரியாது" என்ற அந்தச் சைகை வந்ததும் பதினோரு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். சாமுவேல் எழுந்து திரைக்கு முன்னால் போனார். ரெஜினா என் காதில் சொன்னாள்: "'எங்களுக்குப் புரிஞ்சிருச்சு. ஒனக்குத்தான் பதில் தெரியல'ங்குதாரு."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. ராகேஷ் மறுபடி மறுபடி முயன்றான். யாரும் எடுக்கவில்லை. கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனும் கட்டியிருக்கிறான், அவன் அண்ணனும் கட்டியிருக்கிறான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. யாரும் அவனை அடிக்கவில்லை. வைஷாலி அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவனிடம் இருந்த எண்கள், கணக்குகள் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார். அன்று மாலையே சைபர் போலீஸில் புகார் கொடுத்தோம். சாமுவேல் கட்டியது புதிது என்பதால் வழியிலேயே நிறுத்தப்பட்டுச் சில வாரங்களில் திரும்பி வந்தது. மற்ற மூன்று பேருக்குப் பாதிதான் வந்தது. ராகேஷுக்கு எதுவும் வரவில்லை. கட்டாமல் இருந்த ஏழு பேர் கட்டவில்லை.

கிளம்பும்போது அவர்கள் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். கைமொழியில் ஆளுக்கொரு சைகைதான் பெயர். இடது உள்ளங்கையில் வலது முஷ்டியை வைத்துத் தேய்க்க வேண்டும். அழிக்கிறவள். முப்பது வருடம் வரைந்ததற்கு எனக்குக் கிடைத்த பட்டம் அது. சிஞ்ச்வட் ஸ்டேஷனில் இன்றைக்கும் யாராவது தூரத்திலிருந்து உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டினால், நானும் கையைத் தூக்கிக் காட்டுகிறேன்.

மறுநாள் நம் தலைவரின் அறைக்குப் போய், படத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர், ஆனால் வாடிக்கையாளரிடம் போய்த் தப்பு செய்தோம் என்று சொல்ல யாருக்குப் பிடிக்கும்?

"நல்லா ஓடிட்டிருக்கிற படம். இதுவரை ஒரு கம்ப்ளெயின்ட் வரல" என்றார்.

"கம்ப்ளெயின்ட் பண்றவங்க பதினோரு பேர் இருக்காங்க சார். இங்கயே கூட்டிட்டு வரவா?"

அவர், "நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். வாடிக்கையாளர் கோபப்பட்டார், இலவசமாகத் திருத்தித் தரச் சொன்னார். செய்தேன். வைஷாலி மூன்று ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கருங்கல் அஸ்திவாரத்தை எடுத்தோம். அந்த இடத்தில் கணினிக்கு முன்னால் நோட்டோடு நிறைய சாதாரண மனிதர்களை வைத்தோம். தங்க நாணயம் போயிற்று. கைப்பேசியை மிகச் சிறிதாக்கி, வெறும் ஜன்னலாக வரைந்தோம். பார்க்க முன்னதைவிட அழகு குறைவுதான். ஆனால் பயிற்சி அறையில் அதைப் பார்க்கிறவர்கள் தலையாட்டுவதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கிறார்கள் என்று வாடிக்கையாளரே பிறகு சொன்னார். சற்றுக் குறையாகத்தான் சொன்னார். நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

தெளிவு வேறு, உண்மை வேறு. நல்ல கை இருக்கிறவர்களுக்குப் பொய்யையும் தெளிவாக வரைய முடியும். கண்ணுக்குத் தெரியாததை வரைகிற நமக்கு அது இன்னும் சுலபம். எனக்கு இது முப்பதாவது வருடத்தில்தான் உறைத்தது. உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டேன், அதற்கு மேல் உங்கள் பாடு.

இன்னொன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், வைஷாலியை இங்கே படங்களைப் பரிசோதிக்கும் வேலைக்கு எடுக்கச் சொல்லித் தலைவரிடம் கேட்டேன். அவர் வைஷாலியைச் சோதித்துப் பார்க்க, நம் அலுவலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட படம் ஒன்றைக் கொடுத்தார். தலைவரே இளவயதில் வரைந்தது. வைஷாலி பத்து நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு ஒரு சீட்டில் மராட்டியில் ஒரே ஒரு வரி எழுதி, மேசை மேல் தள்ளினார்: "இந்தப் படத்தில் யார் பொய் சொன்னால் யாருக்கும் தெரியாது?"

தலைவர் சீட்டைப் படித்தார். படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்து வைஷாலியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நான் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வேலை கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும்.

உங்கள் முதல் படங்கள் திங்கட்கிழமை வைஷாலியின் மேசைக்குத்தான் போகும்.